ஆறு மாதக் கணக்கும் இரண்டாண்டு நிபந்தனையும்

ஏற்காட்டில் கார்த்திகை பிறந்தால் காப்பிப் பழம் பறிப்பு சூடுபிடிக்கும். தை வரை நீளும். வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் ஊர் திரும்புவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மார்கழியில் என் முன்னாள் மாணவி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சேர்வராயன் மலையில் சிறு தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவரை மணந்து, பதினாறு மாதங்களுக்கு முன் அந்நாட்டில் குடியேறியிருந்தார். தந்தை பக்கவாதத்தில் விழுந்துவிட்டதால் அவசரமாக வந்திருந்தார். தாய் இல்லை, உடன்பிறந்தோரும் இல்லை. தந்தையையும் தோட்டத்தையும் கவனிக்க இன்னும் ஓராண்டாவது தங்க வேண்டியிருக்கும் என்று கருதினார்.

“ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சார். அது சரிதானா?” என்று கேட்டார்.

நான் பொருளாதாரம் கற்பித்தவன், வழக்கறிஞன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இதே ஆறு மாதக் கணக்கைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். அது பத்தாண்டு அட்டை இல்லை; இரண்டாண்டு அட்டை. காலாவதியாக எட்டு மாதங்களே இருந்தன. அந்த வாரம் முழுவதும் சட்டத்தையும் விதிகளையும் இருவரும் சேர்ந்து படித்தோம். ஆறு மாதக் கணக்கு பாதி உண்மை என்பதும், அந்தப் பாதி உண்மை அவரைப் போன்றவர்களுக்கு முழுப் பொய்யைவிடத் தீங்கானது என்பதும் அப்போது விளங்கின.

நிபந்தனை எங்கிருந்து வந்தது?

‘கிரீன் கார்டு’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் நிரந்தர வசிப்புரிமையில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிபந்தனையற்றது, அதற்கான அட்டையைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். மற்றொன்று நிபந்தனைக்குட்பட்டது, இரண்டே ஆண்டுகள் செல்லும். வசிப்புரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையாதிருந்தால் வாழ்க்கைத் துணைக்குக் கிடைப்பது இரண்டாவது வகை. போலித் திருமணங்களைத் தடுப்பதற்காக 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் விளைவு இது. முதலீட்டின் வழியாகக் குடியேறுபவர்களுக்கும் இதே போன்ற இரண்டாண்டு நிபந்தனை உண்டு. அவர்கள் குறைந்தது எட்டு லட்சம் டாலர் முதலிட்டு, பத்துப் பேருக்கு வேலை உருவாக்கியதைப் பின்னர் நிரூபிக்க வேண்டும்.

குடியுரிமை பெற்ற மகனோ மகளோ அழைத்துக்கொள்ளும் பெற்றோருக்கு இந்த நிபந்தனை இல்லை. அவர்களுக்குத் தொடக்கத்திலேயே பத்தாண்டு அட்டை கிடைத்துவிடுகிறது. நம் ஊர்ப் பேச்சில் வழங்கும் ஆறு மாதக் கணக்கு பெரும்பாலும் இந்தப் பெற்றோர்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதை அப்படியே புதுமணப் பெண்ணுக்குப் பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பொருளாதாரத்தில் இதைத் தகவல் சமமின்மை என்போம். திருமணம் உண்மையானதா என்பது தம்பதிக்குத் தெரியும், அரசுக்குத் தெரியாது. ஆகவே அரசு இரண்டாண்டு தகுதிகாண் பருவம் ஒன்றை வைக்கிறது. வங்கியோ நிறுவனமோ செய்வதும் இதுவே. ஆனால் இங்கே அந்தச் சோதனையின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

நான்கு வெவ்வேறு கணக்குகள்

வெளிநாட்டில் நீண்ட காலம் தங்கும் நிரந்தர வசிப்பாளர் ஒருவர் மீது ஒன்றல்ல, நான்கு கணக்குகள் ஓடுகின்றன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான துன்பங்களுக்குக் காரணம்.

முதலாவது, 180 நாள். தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்தவர் திரும்பும்போது, புதிதாக அனுமதி கோருபவராகக் கருதப்பட்டு மீண்டும் முழுமையாகப் பரிசோதிக்கப்படலாம். உரிமை போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கேள்விகள் கூடும் என்றே பொருள்.

இரண்டாவது, ஓராண்டு. ஓராண்டுக்கும் குறைவாக வெளியே இருந்தவருக்கு மட்டுமே அந்த அட்டை பயண ஆவணமாகப் பயன்படும். அதற்கு மேல் தங்கப் போகிறவர் முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஐ-131 என்ற அந்த விண்ணப்பத்தை அமெரிக்க மண்ணில் இருக்கும்போதுதான் கொடுக்க முடியும். ஏற்காட்டிலிருந்து கொடுக்க முடியாது. பொதுவாக அந்த அனுமதி இரண்டாண்டு செல்லும். நிபந்தனைக்குட்பட்டவருக்கோ, நிபந்தனையை நீக்கக் கோர வேண்டிய நாளைத் தாண்டி அது செல்லாது.

மூன்றாவது, குடியுரிமைக்கான கணக்கு. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரை மணந்து அவருடன் சேர்ந்து வாழ்பவர் மூன்று ஆண்டுகளிலும், மற்றவர்கள் ஐந்து ஆண்டுகளிலும் குடியுரிமை கோரலாம். நிபந்தனைக் காலமும் இதில் சேரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒரே பயணம் தொடர் வசிப்பு முறிந்துவிட்டது என்ற ஊகத்தை எழுப்பும்; தக்க சான்று தந்து அதை மறுக்கலாம். ஓராண்டு ஆகிவிட்டால் தொடர் வசிப்பு முறிந்தே போகும். இவை தவிர, மொத்தக் காலத்தில் பாதியேனும் உடலளவில் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும்: மூன்றாண்டு வழியில் 18 மாதங்கள், ஐந்தாண்டு வழியில் 30 மாதங்கள். ‘ஆறு மாதம்’ என்ற சொல் ஊர்ப் பேச்சுக்கு வந்தது இந்த இடத்திலிருந்தும் முதல் கணக்கிலிருந்தும்தான்.

நான்காவது கணக்கு நிபந்தனைக்குட்பட்டவருக்கு மட்டும் உரியது. அட்டை காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு ஐ-751 என்ற மனுவைத் தர வேண்டும். தராவிட்டால் இரண்டாண்டு முடியும் நாளில் வசிப்புரிமை சட்டப்படி தானாகவே முடிந்துவிடுகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டலாம். ஆனால் அதை ஏற்பது அதிகாரியின் விருப்பம்.

நீண்ட பயணம் இந்த நான்காவது கடிகாரத்தை ஒரு நொடியும் நிறுத்துவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டில் இருந்தபடியே மனுவைத் தர விதி இடம் தருகிறது. நேர்காணலுக்கு அழைத்தால் இருவரும் அங்கே சென்றாக வேண்டும். மனு பெறப்பட்டதற்கான கடிதம் வந்துவிட்டால், 2023 முதல் அக்கடிதம் பழைய அட்டையின் செல்லுபடியை 48 மாதங்கள் நீட்டிக்கிறது. காலாவதியான அட்டையையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்து வைத்துப் பயணம் செய்யலாம். அந்த ஒரு தாள் இல்லாமல் விமானம் ஏறுவதே கடினம்.

நாட்களா, நோக்கமா?

நாட்களின் எண்ணிக்கைக்கு அப்பால் இன்னொரு கேள்வி உண்டு: இந்த மனிதரின் வீடு உண்மையில் எது?

ஏற்காட்டுவாசிகளுக்கு இதை விளக்க ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்து தென்னிந்தியாவெங்கும் அலைந்தவர். ஓய்வுக்குப் பின்னும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக உழைத்தார். ஆனால் அவர் வீடு ஏற்காட்டில் இருந்தது. 1912-இல் கல்கத்தாவில் இறந்தபோதும் அவரது அஸ்தி ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குத்தான் வந்தது. எத்தனை நாள் எங்கே இருந்தார் என்று எண்ணினால் ஏற்காட்டின் பங்கு குறைவாகவே இருந்திருக்கலாம். எங்கே திரும்பினார் என்று கேட்டால் விடை ஒன்றுதான்.

அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியமும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கிறது. 1975-இல் அது தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், ஜமைக்காவில் தங்கும் விடுதி நடத்திவந்த பெண்மணி ஒருவர் ஆண்டில் பெரும்பகுதியை அங்கேயே கழித்துவிட்டு, ஆண்டுதோறும் சிறிது காலம் மட்டும் அமெரிக்காவுக்குச் சென்றுவந்தார். தவறாமல் திரும்பியும் அவர் வசிப்புரிமையைக் கைவிட்டவராகவே கருதப்பட்டார். அவரது தொழிலும் வீடும் ஜமைக்காவில் இருந்தன. அமெரிக்கா அவருக்கு வருகைக்குரிய இடமாகிவிட்டிருந்தது. தோட்டத்தோடு தங்கும் விடுதியும் நடத்தும் ஏற்காட்டுக் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டிய வழக்கு இது. தலையைக் காட்டிவிட்டு வருவது போதும் என்ற நம்பிக்கை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தோற்றுவிட்டது.

எது தற்காலிகப் பயணம் என்பதற்கு 1986-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அளவுகோல் தந்தது. பயணம் குறுகிய காலத்துக்கு என்று முன்பே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது குறுகிய காலத்தில் நிகழக்கூடிய ஒரு நிகழ்வோடு அது முடிவதாக இருக்க வேண்டும். என் மாணவியின் நிலையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தோம். ‘பறிப்பு முடிந்ததும் திரும்புவேன்’ என்பதற்கு முடிவு நாள் உண்டு. ‘அப்பா குணமானதும் திரும்புவேன்’ என்பதற்கு? பக்கவாதத்துக்கு நாள்காட்டி கிடையாது. மகளின் மனத்தில் இரண்டும் ஒரே கடமை. சட்டத்தின் பார்வையில் அவை வெவ்வேறு.

வரியும் இங்கே சாட்சி சொல்லும். நிரந்தர வசிப்பாளர் உலகில் எங்கே ஈட்டிய வருமானத்தையும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பது அங்கே செல்லுபடியாகாது. தோட்ட வருமானத்தை மறைத்தால் அது வரிக் குற்றம். அதற்குப் பயந்து ‘நான் அங்கே வசிக்காதவர்’ என்று கணக்குத் தாக்கல் செய்தால், வசிப்புரிமையைக் கைவிட்டதற்கு அதுவே சான்றாகிவிடும்.

விமான நிலையத்தில் ஐ-407 என்ற படிவத்தை நீட்டி, உரிமையைத் துறப்பதாகக் கையெழுத்துக் கேட்கும் நேரமும் வரலாம். அது தன்விருப்பத்தில் செய்வது, கட்டாயம் இல்லை. குடிவரவு நீதிபதி முன் விசாரணை கோரும் உரிமை உண்டு. அங்கே உரிமை கைவிடப்பட்டது என்று தெளிவான, நம்பத்தக்க சான்றால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது. களைத்துப் போய், மொழியும் அச்சமும் தடுக்க, எத்தனை முதியவர்கள் படிக்காமலே கையெழுத்திட்டுவிடுவார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

யார் கையில் சாவி?

இப்போது சோதனையின் செலவு யார் தலையில் என்ற கேள்விக்கு வருவோம். இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற விதி, அவற்றில் ஒன்றை வைத்திருப்பவரிடம் பெரும் பேர வலிமையைக் கொடுக்கிறது. அவர் குடியுரிமை பெற்றவர். இழக்க அவருக்கு ஏதுமில்லை. மற்றவரோ வேலை, வீடு, நாடு அனைத்தையும் அந்த ஒரு கையெழுத்தில் வைத்திருக்கிறார். நம் நாட்டிலிருந்து மணமாகிச் செல்பவர்களில் அந்த மற்றவர் பெரும்பாலும் பெண்.

நீண்ட பிரிவு இந்தச் சமமின்மையைக் கூட்டுகிறது. மனுவோடு இணைக்க வேண்டியவை கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், காப்பீடு, சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு போன்ற சான்றுகள். ஓராண்டு பிரிந்திருந்தால் இவை மெலிந்துவிடும். பிரிந்திருப்பதால் திருமணம் பொய்யாகிவிடாது. ஆனால் அது மெய் என்று காட்டும் தாள்கள் குறைந்துவிடும். அதிகாரி படிப்பது தாள்களைத்தான்.

இதைவிடக் கொடியதும் நடக்கிறது. ‘அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று மனைவியை ஊருக்கு அழைத்துவந்து, கடவுச்சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கணவன் மட்டும் விமானம் ஏறுகிறான். பெண் பிறந்த வீட்டில் காத்திருக்கிறாள். ‘ஆறு மாதத்துக்குள் கூப்பிடுவார்’ என்று பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். நான்காவது கடிகாரம் ஓடி முடிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. அட்டை காலாவதியான பிறகே அவர்கள் வழக்கறிஞரைத் தேடினார்கள்.

அவர்கள் அறியாதிருந்தது இது: கூட்டு மனுவுக்கு விலக்கு உண்டு. மனப்பூர்வமாகச் செய்த திருமணம் மணமுறிவில் முடிந்திருந்தாலும், துணைவர் இறந்திருந்தாலும், நாடு கடத்தப்பட்டால் மிகக் கடுமையான துயரம் நேரும் என்றாலும் தனியாகவே மனுச் செய்யலாம். அடி உதைக்கும் கொடுமைக்கும் ஆளானவருக்கான விலக்கு 1990-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இத்தகைய தனி மனுவுக்கு 90 நாள் வரம்பு இல்லை, முன்னதாகவும் தரலாம். அட்டை பறிக்கப்பட்டிருந்தால், வெளியே வந்து ஓராண்டு ஆவதற்குள் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விமானம் ஏறுவதற்கான ஆவணம் கோரி விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காலம் முக்கியம். காத்திருப்பது ஒரு முடிவு என்பதை நம் குடும்பங்கள் உணர்வதில்லை.

இந்தியச் சட்டமும் கைவிரித்துவிடவில்லை. மனைவி ஏற்காத, இங்குள்ள திருமணச் சட்டத்துக்குப் பொருந்தாத அயல்நாட்டு மணமுறிவுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் நரசிம்ம ராவ் வழக்கில் கூறிவிட்டது. கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பெண், தான் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமைக்கான குற்ற வழக்கைத் தொடரலாம் என்று 2019-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் இத்திருமணங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க 2019-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகவில்லை. விரிவான மத்தியச் சட்டம் தேவை என்று 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில் மீண்டும் வலியுறுத்தியது.

செய்ய வேண்டியவை

புதுமணத் தம்பதியரும் அவர்தம் பெற்றோரும் முதலில் செய்ய வேண்டியது, அட்டையில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்து, அதற்கு 90 நாள் முன்பான நாளைக் குறித்து வைப்பது. நீண்ட பயணத்தை அந்த நாளைச் சுற்றித் திட்டமிட வேண்டும். அட்டை, கடவுச்சீட்டு, நுழைவு முத்திரை ஆகியவற்றின் நகல்கள் பெண்ணிடமும் பிறந்த வீட்டிலும் தனித்தனியே இருக்க வேண்டும். பிரிந்திருக்கும் காலத்தில் பணப் பரிமாற்றம், வாடகை, வரி ஆகியவை இருவர் பெயரிலும் தொடர வேண்டும். பயணத்தின் காரணத்துக்கும் முடிவுக்கும் மருத்துவச் சான்று, திரும்புவதற்கான பயணச்சீட்டு போன்ற ஆதாரங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். ஓராண்டு ஆகலாம் என்ற ஐயம் இருந்தால், புறப்படும் முன்பே தகுதியுள்ள குடிவரவு வழக்கறிஞரைக் கலந்து பேச வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர்களுக்கென நல வாரியமும் ஆணையரகமும் இயங்குகின்றன. மணமாகிச் செல்லும் பெண்களுக்கு, நாடுவாரியாக இந்தக் கணக்குகளை விளக்கும் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் அவை வெளியிடலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு பெண்ணின் வாழ்க்கை தவறான ஆறு மாதக் கணக்கில் தொலையாமல் இருப்பதே அதன் வரவு.

என் மாணவி பறிப்பு முடிந்ததும் தோட்டத்தைச் சித்தப்பா மகனின் பொறுப்பில் விட்டார். தந்தைக்குத் துணையாக ஒருவரை அமர்த்திவிட்டு ஏப்ரலில் திரும்பிச் சென்றார். 90 நாள் வாயில் திறந்ததும் இருவரும் கையெழுத்திட்டு மனுவைத் தந்தார்கள். நீட்டிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு, புரட்டாசியில் மீண்டும் மலையேறி வந்தார். அடுத்த மாதம், ஐப்பசி மழையில், தந்தை காலமானபோது அவர் பக்கத்தில் இருந்தார். முன்பு நினைத்தபடி ஓராண்டு இங்கேயே தங்கியிருந்தாலும் தந்தையின் பக்கத்தில் இருந்திருப்பார்தான். ஆனால் காரியம் முடிந்த பிறகு திரும்பிச் செல்ல அவருக்கு ஒரு வீடு இருந்திருக்குமா என்பதுதான் கேள்வி.